கிராம்வெல் வம்சம்

ஆங்கில நாட்டுச் சரித்திரத்தில் கிராம்வெல் என்னும் குடும்பப் பெயரால் பிரசித்தி பெற்றவர் இருவர். எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சராக இருந்து, மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை அரசுடைமையாக்கி, முடிவில் அம்மன்னர் ஆணையாலேயே 1540 ஜூலை 28ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்ட தாமஸ் ஒருவர். முதலாம் சார்லஸைக் கொலைக்களத்துக்கு அனுப்பியோருள் முதன்மையானவராய் நின்று, பின்னர் முடி தரியாமலே நாட்டை ஆண்ட ஓலிவர் (1599–1658) மற்றவர். ஓலிவரைத் தாமஸின் நேர்ச் சந்ததியார் என்று கொள்வாருண்டு, அது பிழை. இருவரும் உறவினரே எனினும், அவ்வுறவு ஒரு பெண் வழியாக வந்தது.

தாமஸின் தகப்பனார் வால்டர், லண்டனையடுத்த புட்னியில் கொல்லுத் தொழிலும் பீர் வடித்தலும் நடத்தியவர். உள்ளூர்ப் பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளில், பீர் விற்பனை விதிகளின்கீழ் அபராதம் செலுத்தியவராக அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகின்றது. அதற்கு முன்னர் அரசாங்கப் பொக்கிஷதாரராக இருந்து, டாட்டர்ஷால் கோட்டையைச் செங்கல்லால் எழுப்பிய ரால்ப் கிராம்வெல் பிரபுவோடு இக்குடும்பத்தைப் பிணைப்பதற்குப் பெயரொற்றுமையன்றி வேறு சான்று இல்லை.

வால்டரின் மகள் காத்தரினை மணந்தவர் வேல்ஸ் நாட்டு மார்கன் வில்லியம்ஸ். இவர்கள் மைந்தன் ரிச்சர்டு, 1529இல் தாமஸ் எழுதிய உயிலில் வில்லியம்ஸ் என்றே குறிக்கப்பெறுகிறார். தாய்மாமனின் செல்வாக்கு ஓங்கவே, அவர் பெயரைத் தாமும் பூண்டு, கலைக்கப்பட்ட ராம்சி மடத்தையும் ஹிஞ்சிங்புரூக் கன்னிமடத்தையும் அடைந்து பெருநிலக்கிழாரானார். ரிச்சர்டின் மகன் சர் ஹென்றி. அவர் இளைய குமாரர் ராபர்ட். ராபர்ட்டின் மகன் ஓலிவர். ஆகவே, ஓலிவருடைய பாட்டனாரின் பாட்டிக்குத் தாமஸ் உடன்பிறந்தவர் ஆகிறார். புதுப்பெயர் பழம்பெயரை அடியோடு விழுங்கிவிடவில்லை. ஓலிவரின் இளமைக் காலம் வரையில் குடும்பப் பத்திரங்களில் இரு பெயர்களும் சேர்த்தே எழுதப்பட்டு வந்தன. வம்சாவளி ஆராய்வோனுக்கு இவ்விரட்டைப் பெயரைவிடத் தெளிந்த சாட்சி கிடைப்பதரிது.

தாமஸின் நேர்வழியோ அவர் மகன் கிரெகரியால் தொடர்ந்தது. விந்தை யாதெனின், 1645இல், நேஸ்பிப் போர்க்களத்தில் அரசரின் சேனையை ஓலிவரின் தரப்பு முறியடித்த அதே ஆண்டில், கிரெகரியின் வழித்தோன்றலாகிய மற்றொரு தாமஸ் கிராம்வெல்லுக்கு ஆர்ட்கிளாஸ் ஏர்ல் என்னும் பட்டத்தை வழங்கியவர் அந்த அரசரே! அப்பட்டம் 1687இல் வாரிசின்றி ஒழிந்தது.

ஓலிவரின் தாயார் எலிசபெத் ஸ்டூவர்டு குடும்பத்தினர். அதனால் அவர் ஸ்காட்லாந்து அரச குலத்தவரென்றும், சார்லஸும் ஓலிவரும் தூரத்து உறவினரென்றும் முற்கால ஆசிரியர் பலர் எழுதினர். கதை சுவையானதே, ஆயினும் அக்குடும்பத்தார் நார்போக் பகுதியிலிருந்து ஈலி நகரில் வந்து குடியேறியவர்கள் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது. அவர்களுள் ஒருவரான ராபர்ட், ஈலி மடத்தின் கடைசித் தலைவராகவும், மடம் கலைக்கப்பட்டபின் அங்கமைந்த பேராலயத்தின் முதல் டீனாகவும் இருந்தவர்.

1660இல் முடியாட்சி மீண்டதும் கிராம்வெல் என்ற பெயர் சுமையாயிற்று. ஓலிவரின் உறவினரான ராம்சி ஹென்றி கிராம்வெல், அப்பெயரை விடுத்து, ஹென்றி வில்லியம்ஸ் என்ற பெயரில் பார்லிமெண்டில் அமர்ந்தார்.