கூரையும் கூலியும்: செங்கற்பட்டுச் சீமையில் சபையார் ஒருவரையொருவர் தாங்கிய வரலாறு

சபையார் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமிலர். எவ்விதம் தாங்குவது என்று வினவும்போதுதான் நாம் இடர்ப்படுகிறோம். நோயுற்றோருக்காக ஜெபம், துக்க வீட்டில் ஆறுதல், பண்டிகை நாளில் ஏழைகளுக்கு ஆடை என்ற அளவில் பல சபைகளில் இக்கடமை நின்றுவிடுகிறது. இவை வேண்டியவையே. ஆயினும், இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளின் பெயரோடு அறியப்படும் பழைய செங்கற்பட்டுச் சீமையின் திருச்சபை வரலாறு வேறொன்றையும் கற்பிக்கிறது. ஒருவனுடைய கூரையும் கூலியும் ஒரே கையில் அகப்பட்டிருக்கும்போது, அவனைத் தாங்குவது என்பது அவனுக்கு நேரும் இழப்பிலும் பங்குகொள்வதாகும்.

1. மனை இல்லாத விசுவாசிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சீமையில் மிராசு முறை வலுவாக இருந்தது. நிலம் மிராசுதாரர் வசம். உழைப்பு தாழ்த்தப்பட்ட மக்களுடையது. கடனால் கட்டுண்ட படியாட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் வயலில் உழைத்தனர். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைக் குறித்து அரசாங்கத்திற்கு அறிக்கை அளித்தார். அவர்கள் குடியிருந்த மனையும் அவர்களுக்கு உறுதியாக உரியதன்று என்பது அவர் சுட்டிய முக்கிய உண்மைகளுள் ஒன்று. வேலை தருபவரே வீட்டு மனைக்கும் உரிமை கொண்டாடினார். ஆகவே கூலி உயர்வு கேட்பவனும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவனும், ஞானஸ்நானம் பெறுகிறவனும் ஒரே நாளில் வேலையையும் வீட்டையும் இழக்கக்கூடும்.

இந்நிலையில்தான் செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஸ்காத்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ ஐயரும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயரும் நிலப் பிரச்சினையில் தலையிட்டனர். தரிசு நிலம் வேண்டி அளிக்கும் தர்க்காஸ்து மனுக்களில் மக்களுக்குத் துணை நின்றனர்; அவர்களுடைய நிலையை அரசாங்கத்திற்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தனர். 1892-இல் வெளியான அரசாணைக்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள், பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என வழங்கலாயின. சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் மறைமலை நகருக்கும் அருகிலுள்ள மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூ ஐயர் உருவாக்கிய குடியேற்றத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றை மிஷனரிகளின் புகழ்க்கதையாக மட்டும் வாசித்தல் தகாது. மனுவில் கைந்நாட்டு வைத்தவர்கள் மக்களே. மறுநாள் வேலை மறுக்கப்பட்டவர்களும் அவர்களே. ஒரு குடும்பம் தனித்து நின்றால் ஒரு வாரத்தில் பணிந்துவிடும். சேரி முழுவதும் ஒன்றாக நின்றால்தான், உள்ளவன் இல்லாதவனுக்கு அரிசி பகிர்ந்து, சில மாதங்களேனும் தாக்குப்பிடிக்க இயலும். மறுபுறம் ஒரு குறையும் இருந்தது. மிராசுதாரரை அண்டியிருந்த மக்கள் இப்போது ஐயரை அண்டியிருக்க நேர்ந்தது. மேலிருந்து வந்த உதவி, உறுப்பினருக்குள் தாங்கும் பழக்கமாக எல்லா இடத்திலும் முதிரவில்லை.

2. சந்தாவும் சந்திப்பும்

அப்பழக்கத்திற்கு நம் சபைகளில் முன்மாதிரிகள் உண்டு. திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல் தோன்றிய தரும சங்கம், உபத்திரவத்திற்குள்ளான விசுவாசிகள் அச்சமின்றிக் குடியிருக்க நிலம் வாங்கும் நோக்கமுடையது. நாள்தோறும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் அத்தகையதே. கொடுப்பவளும் ஏழையே என்பதுதான் அதன் மேன்மை.

வெஸ்லியன் மரபின் வகுப்புக் கூட்டம் இங்கு சிறப்பாகக் கருதத்தக்கது. 1742 பிப்ரவரி 15 அன்று, பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கட்டடத்தின் கடனைத் தீர்க்க வழி தேடினர். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை கூறினார். பலரால் அதுவும் இயலாது என்று சொல்லப்பட்டபோது, மிக ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் கொடுக்க இயலாததைத் தாமே கொடுப்பதாகவும் அவர் ஏற்றார். காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், வீட்டின் நிலையையும் ஆத்துமத்தின் நிலையையும் ஒருங்கே கண்டறிந்தனர். கணக்கு எழுதும் வேலையிலிருந்து ஆத்தும விசாரிப்பு பிறந்தது. பன்னிருவர் அடங்கிய குழு, ஒழுங்கான சந்திப்பு, சிறு தொகை, பெயர் சொல்லி அறியும் தலைவர் ஆகிய இந்நான்கும் இருந்தமையால் அன்பு வெறும் உணர்ச்சியாக ஆவியாகிவிடவில்லை.

கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். பிறர் பாரத்தைச் சுமக்கும்படி இரண்டாம் வசனத்தில் கூறும் பவுல், ஐந்தாம் வசனத்தில் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பதைப் பற்றிப் பேசுகிறார். தமிழ் வேதாகமத்தில் இரண்டும் பாரமே. கிரேக்க மூலத்திலோ முன்னது ‘பாரொஸ்’, அழுத்தும் சுமை. பின்னது ‘ஃபோர்த்தியோன்’, அவரவர்க்கு உரிய மூட்டை. ஒருவனுடைய பொறுப்பைப் பறிக்காமல் அவனை நசுக்கும் சுமையில் மட்டும் தோள் கொடுப்பதே மெய்யான தாங்குதல்.

3. இன்றைய சபைப் பதிவேடு

1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் ஸ்காத்லாந்து மரபு இணைந்தது. வெஸ்லியன் மரபும் 1947-இல் வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டு கழிந்து நிலமே உருமாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சானதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றனர். அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர்.

படியாள் முறையும் ஆலை வேலையும் ஒன்றல்ல. ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் இன்று வேறு. எனினும் ஓர் ஒற்றுமையை வரலாற்று மாணவர் காணாதிருக்க முடியாது: விடுதிக் கட்டில் வேலையோடு பிணைந்திருக்கிறது. வேலை போனால் கூரையும் போகும்; ஆகவே முதலில் வாய் திறக்கிறவள் முதலில் வீதிக்கு வருகிறாள். திரமென்ஹீர் கண்ட முடிச்சு இதுவே.

இவ்விளைஞருள் நம் சபைப் பிள்ளைகளும் உளர். அவர்கள் பெயர் திருநெல்வேலியிலோ கடலூரிலோ உள்ள பதிவேட்டில் இருக்கிறது; உடல் ஒரகடத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சிலர் ஷிப்டில் நிற்கின்றனர். சிலர் இரவு ஷிப்டு முடித்து உறங்குகின்றனர். குடும்பத்தையும் ஊரையும் அலகாகக் கொண்ட சபை அமைப்பின் கண்ணுக்கு அவர்கள் தென்படுவதில்லை.

ஆயர்கள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. ஊர்ச் சபையிலிருந்து புறப்படும் இளைஞரின் பெயர் வட்டாரச் சபைக்கு எழுதப்படட்டும். குடியிருப்பையும் ஷிப்டையும் ஒட்டிப் பன்னிருவர் கொண்ட வகுப்புகள் அமையட்டும். தலைவர்கள் தொழிலாளரே ஆகட்டும். மாதந்தோறும் சேரும் சிறு தொகை, வேலையிழந்த ஒருவருக்கு ஒரு மாத வாடகையாகட்டும். அதை வழங்கும் தீர்மானமும் அவர்களிடமே இருக்கட்டும். வட மாநிலத்துத் தோழரையும் பிற சமயத்தாரையும் அவ்வட்டம் விலக்காதிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கல்லறைத் தோட்டத்திலும் திருமணத்திலும் சாதி பார்க்கும் சபை, பாரம் சுமப்பதைப் பற்றிப் போதிக்கும் தகுதியை இழக்கிறது. மனையற்றோர் மனுவிலிருந்து வளர்ந்த சபைகள் இவை. இன்று மனையும் கட்டடமும் பெற்றுள்ள நாம், விடுதி வாசலில் பெட்டியோடு நிற்கும் பெண்ணுக்கு யாராயிருக்கிறோம் என்பதே இவ்வரலாறு நம்மிடம் எழுப்பும் வினா.