ஆன்சாவின் பாலைநிலப் பாதை

எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்போர் மிகச் சிலர். புறப்பட்ட இடமும் பாளயமிறங்கிய இடமுமே அதில் நிரம்பியுள்ளன. எனினும் பழம்பாதை ஒன்றை மீண்டும் வரைய முற்படுவோர்க்கு இத்தகைய பட்டியலே முதற்சான்றாகும்.

ஹுவான் பவுத்திஸ்தா தே ஆன்சா என்னும் ஸ்பானியப் படைத்தலைவர், 1775 அக்டோபர் 23 அன்று, இன்றைய அரிசோனாவிலுள்ள தூபாக்கிலிருந்து ஏறத்தாழ 240 பேருடன் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளுமே. முதல் இரவில் ஒரு தாய் பிரசவத்தில் மரித்தாள். பாலைநிலத்தில் கிணறுகள் மெல்லச் சுரந்தமையால், ஆன்சா கூட்டத்தை மூன்றாகப் பிரித்து ஒரு நாள் இடைவெளியில் அனுப்பினார். ஆன்சாவும், உடன் சென்ற பிரான்சிஸ்கன் துறவி பேத்ரோ ஃபோந்தும் நாள்தோறும் குறிப்பெழுதினர்.

1990இல் அமெரிக்கப் பேராயம் இவ்வழியைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது; 1996இல் அதற்கான திட்டம் வெளிவந்தது. தங்கிய இடங்களை நிருணயிக்க அக்குறிப்புகளே உதவின. பழைய தடத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் தனியார் நிலங்களிலும் மறைந்துவிட்டதால், மோட்டார் வண்டிகளுக்கென அதையொட்டி வேறொரு வழியும் குறிக்கப்பட்டது.

தடத்தைக் குறிப்பதைவிட, அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது என்பதே கடினமான கேள்வி என்று நாம் எண்ணுகிறோம். 1774இல் ஆன்சா முதன்முறை வழிதேடிச் சென்றபோது உடன் சென்று வழிகாட்டிய செபாஸ்தியான் தராபால், சான் காபிரியேல் மிஷன் நிலையத்திலிருந்து தப்பியோடிய சுதேசக் கிறிஸ்தவர். கொலராடோ ஆற்றைக் கடக்க உதவியவர்கள் குவெச்சான் மக்கள். அவர்கள் தலைவர் சல்வதோர் பால்மா 1777இல் மெக்சிக்கோ நகரில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் வாக்களிக்கப்பட்ட வெகுமதிகள் போதிய அளவில் வந்து சேரவில்லை. பின்னர் வந்த குடியேறிகளின் கால்நடைகள் அவர்கள் பயிர்களை மேய்ந்தன. 1781 ஜூலையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அம்மக்களிடையே உழைத்த பிரான்சிஸ்கோ கார்செஸ் உட்பட நான்கு துறவியர் கொல்லப்பட்டனர், பாதையும் அடைபட்டது.

இது உரோமைச் சபையாரின் கதை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. நம் மிஷன் வரலாறுகளிலும் மிஷனெரியின் பெயர் நிற்க, வழிகாட்டியின் பெயர் உதிர்ந்துபோன பக்கங்கள் பலவுண்டு.

யூமா ஆற்றுத்துறையை நோக்கும் குன்றின்மேல், அழிந்த மிஷன் நிலையம் ஒன்று இருந்த இடத்தில், இன்று புனித தோமா ஆலயம் நிற்கிறது. அதன் முன்னே கார்செசின் சிலை உண்டு. குன்றைச் சூழ்ந்த நிலம் குவெச்சான் மக்களுடையது.