ஆடித் தபசும் விடுப்புப் பதிவேடும்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு வார நாளில் வந்தால், அன்று வட்டாட்சியர் அலுவலகம் பூட்டியிருக்கும், வங்கி திறந்திருக்கும். இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. இரண்டிலும் பணிபுரிவோர் காண விழைவது ஒரே கோமதி அம்மனைத்தான். எனினும் ஓரிடத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மற்றோரிடத்தில் நான்கு விண்ணப்பங்கள் ஒரே நாளைக் குறித்து மேலாளரின் மேசைமீது கிடக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனபோது நாம் கண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். பேச்சில் நாம் 'லீவு' என்று ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. விடுமுறை எல்லார்க்கும் பொது. விடுப்பு ஒருவர் கேட்டுப் பெறுவது. விடுமுறையில் போட்டி எழ வழியில்லை. பூசல் எல்லாம் விடுப்பில்தான். ஒருவரது விடுப்பு என்பது பெரும்பாலும் இன்னொருவர் அன்று இருக்கையில் அமர்ந்திருப்பார் என்பதை நம்பியே கேட்கப்படுகிறது. கேட்பவர் அதை விண்ணப்பத்தில் எழுதுவதில்லை, அவ்வளவே.

பழைய ஆங்கில ஆவணங்கள் சங்கரநயினார்கோவில் என்று குறிக்கும் இவ்வூரின் திருவிழா, விடுப்புக் கணக்குக்குச் சற்றும் இணங்காதது. ஆடி மாதத்து உத்திராட நட்சத்திரத்தில் தபசுக் காட்சி அமைவதால் ஆங்கில நாட்காட்டியில் அது நிலைகொள்வதில்லை. 2023இல் ஜூலை 31, திங்கட்கிழமை. 2024இல் ஜூலை 21, ஞாயிறு. அவ்வாண்டு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2025இல் ஆகஸ்ட் 7, வியாழன். மேலும் இது ஒரு நாளோடு முடிகிற விழாவும் அன்று. கொடியேறிய நாளிலிருந்து கோவிலைச் சுற்றத் தொடங்குவோர் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று வேண்டுதலுக்கேற்பச் சுற்றி முடிக்க வேண்டும். ஆடிச்சுற்று என்று அதற்குப் பெயர். பதினோராம் நாள் தபசு. கரிசல் காட்டு விவசாயிகள் தம் விளைச்சலில் ஒரு பிடி பருத்தியோ வற்றலோ கொண்டுவந்து அம்மனை நோக்கி எறிவர். வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும் என்று சொல்லிவிடக் கூடிய விழாவா இது?

தலக்கதை வாசகர் பலரும் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள், ஒருவன் சிவனே பெரியவன் என்றும் மற்றவன் திருமாலே பெரியவன் என்றும் வாதிட்டு, தீர்ப்புக் கேட்டு அம்மையிடம் வந்தனர். அம்மை இருவரில் ஒருவர் பக்கம் சாயவில்லை. புன்னை வனத்தில் தவமிருந்து, இரு தெய்வமும் ஓருருவாகக் காட்சி தர வேண்டினாள். மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் மீண்டும் சங்கரலிங்கமாகவும் இறைவன் காட்சி தருவதாக விழா நடக்கிறது. ஒரே விழாவில் இரண்டு காட்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி பதிவேட்டுக்கு வருவோம். அரசு ஊழியரின் விடுப்பை ஆளும் அடிப்படை விதிகள் 1922 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தவை. அவற்றுள் 67ஆம் விதி, விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்கிறது. பணியின் தேவை கருதி மறுக்கவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதிகாரிக்கு இடமளிக்கிறது. இருவர் ஒரே நாளைக் கேட்டால் யாருக்கு என்ற வினாவுக்கு அவ்விதியில் விடையில்லை. அந்த வினா எழுந்ததாகவே அது காட்டிக்கொள்வதில்லை. பெருந்தொலைவிலிருந்து வந்து ஆண்ட ஓர் அரசின் கண்ணுக்கு விடுப்பு என்பது மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சலுகை. பக்கத்து நாற்காலிக்காரர் அதில் இடம்பெறவேயில்லை.

ஊர்த் திருவிழாவுக்கு ஆட்சி கண்ட வழி, எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பிவிடுவது. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அதற்கு ஈடாகப் பின்னொரு சனிக்கிழமை பணிநாளாகிறது. முன்பு திருநெல்வேலியிலிருந்தும், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின் அங்கிருந்தும் இவ்வறிவிப்பு வருகிறது. உள்ளூர் விடுமுறை அறிவிப்புகளில் வழக்கமாக இடம்பெறும் இரண்டு வரிகளை விழா மகிழ்ச்சியில் யாரும் படிப்பதில்லை. ஒன்று, இது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படியான பொது விடுமுறை அன்று என்பது. மற்றொன்று, கருவூலங்கள் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த பணியாளரோடு இயங்கும் என்பது.

1881ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கோமதி அம்மனுக்கும் என்ன தொடர்பு? உண்டியலோ கடன்முறியோ தவணை முடிகிற நாள் பொது விடுமுறையானால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. ஆகவே எது பொது விடுமுறை என்பது வணிகர்க்குக் காசு சம்பந்தமான செய்தி. அதை ஒரு வட்டாரத்துக்காக எளிதில் மாற்றிவிட முடியாது. உள்ளூர் விடுமுறை அந்தச் சட்டத்தின் கீழ் வாராமையால் வங்கிக்கு அன்று வேலைநாள். தபசு நாளில் ஊரில் யாருக்கு விடுமுறை, யாருக்கு விடுப்பு என்பதை நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கடன்முறிச் சட்டம் ஒன்று தீர்மானிக்கிறது என்பதை அறிந்தபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வங்கிக்குள் போவோம். நம் குழுவில் ஒருவர் 1990களில் இவ்வட்டாரத்து ஊர் ஒன்றில், ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தவர். சிறு கிளை. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரி ஒருவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். சாவிக்காரர் இருவருமே தபசு நாளுக்கு விண்ணப்பித்தனர். நண்பரின் தாயார் அவ்வாண்டு ஆடிச்சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்; கடைசி நாளில் மகன் உடன்வர வேண்டும் என்பது அவர் விருப்பம். அதிகாரியின் தந்தைக்கு வற்றல் எறிகிற வேண்டுதல். சாவியை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்தான்; ஆனால் ஒப்படைக்கத் தக்க ஆட்கள் அக்கிளையில் இருவர் இல்லை. யாரேனும் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். மேலாளர் இருவரையும் அழைத்து, "ரெண்டு பேரும் பேசிட்டு ஒரு பேரைச் சொல்லுங்க" என்றார்.

கேட்கையில் இது நியாயமாகத் தோன்றும். நம் கருத்தில் இது பொறுப்பைக் கைகழுவுவது. தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவர் அதை வழக்காடுவோரிடமே திருப்பிக் கொடுத்தால், யார் கூச்சப்படுகிறாரோ அவர் தோற்பார். நம் நண்பர் கூச்சக்காரர். "நீங்க போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஒரு மாதம் அந்த அண்ணாச்சியோடு சாவி திருப்புவதற்கு வேண்டிய அளவே பேசினாராம்.

மேலாளர் தாமே தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் மனக்குறை நின்றிருக்கும் என்போர் உண்டு. உண்மை. தாயாரின் சுற்றையும் தந்தையின் வேண்டுதலையும் தராசில் வைக்க எவராலும் இயலாது. வேண்டுகோள்கள் வந்த பிறகு அவற்றின் தகுதியை ஆராயப் புகுந்தாலே பிழை தொடங்கிவிடுகிறது. இதை நன்கு உணர்ந்த ஒரு சட்டம் நம் நாட்டில் இருந்தது என்பது நமக்கே புதுச் செய்தி.

ஆலைத் தொழிலாளரின் ஓய்வு வரலாறு நீண்டது. 1890இல் நாராயண் மேகாஜி லோகண்டேயின் இயக்கத்தால் பம்பாய் ஆலைகள் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தன. ஊதியத்தோடு கூடிய விடுப்பு வர மேலும் அரை நூற்றாண்டாயிற்று. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1945ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆலைச் சட்டத்தில் சேர்த்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை விரித்தது: ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு. இவை பலரும் அறிந்தவை. நம்மை நிறுத்தியது அதே 79ஆம் பிரிவின் பிற்பகுதி.

அதன்படி தொழிலாளி பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும். வேலை தடைப்படாதிருக்க, யார் எப்போது விடுப்பில் போவது என்று ஒரு திட்டத்தை ஆலை நிர்வாகம் தொழிலாளர் இடம்பெற்ற குழுவோடு இசைந்து வகுக்கலாம். அத்திட்டம் எல்லார் கண்ணிலும் படும்படி ஆலையில் ஒட்டப்பட வேண்டும். பன்னிரண்டு மாதம் அது செல்லும். முறைப்படி வந்த விண்ணப்பத்தை அந்தத் திட்டத்தைக் காட்டியன்றி மறுக்கக் கூடாது. அப்படியும் மறுக்கப்பட்ட விடுப்பு வீணாகாது; எந்த வரம்புமின்றி அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். 67ஆம் விதியை இதனருகே வைத்துப் பார்த்தால் கால் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றம் புலப்படும். அங்கே மறுப்பு அதிகாரியின் மனத்தில் இருந்தது. இங்கே, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. தகராறு கண்ட பிறகு எழுதப்படும் விதியை யாரும் நம்புவதில்லை.

குறையும் உண்டு. அத்தகைய ஆலைக் குழு நூறு பேருக்குக் குறையாத இடத்துக்கே கட்டாயம். ஆறு பேர் உள்ள வங்கிக் கிளைக்கும், நான்கு பேர் உள்ள ஜவுளிக் கடைக்கும் சுவருமில்லை, தாளுமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகளில் ஒன்று அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, 240 நாளை 180 ஆக்கியிருக்கிறது. நாட்கணக்கு இளகியது நன்று. சிறிய இடங்களின் கதை மட்டும் பழையபடிதான்.

தமிழ்நாட்டுக்கென 1958இல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. தேசிய நாள்கள் போக ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாள்களை, தொழில் நடத்துவோரையும் உழைப்போரையும் கலந்து குறிக்கலாம் என்றது. பட்டியலை வகுக்கையில் சங்கரன்கோவில்காரர் தபசைச் சேர்த்துக்கொள்ள இதில் இடமிருந்தது. விடுப்பை விடுமுறையாக மாற்றுகிற வழி இது. ஆனால் இவ்வூரின் அடையாளமே தறி. புடவைக்கு இவ்வளவு கூலி என்று நெய்கிற வீட்டுத் தறிக்காரரிடம் தபசுக்கு விடுப்பு உண்டா என்று கேட்டால், எவனிடம் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி இல்லை. போட்டியும் இல்லை, மேலாளரும் இல்லை, பதிவேடும் இல்லை. இருவர் ஒரு நாளுக்காக மோதிக்கொள்வதற்குக்கூட முதலில் ஊதியத்தோடு கூடிய ஒரு நாள் இருந்தாக வேண்டியிருக்கிறது.

சட்டங்களுக்கெல்லாம் முன்னதாக நம் கோவில்கள் இதைத் தீர்த்திருந்தன என்பதும் சொல்லத் தக்கது. இன்ன நாளில் இன்னார்க்குப் பணி என்ற ஏற்பாட்டுக்கு 'முறை' என்று பெயர். வேறு வேலை இருந்தால் முறையை மாற்றிக்கொள்ளலாம். முறை யாருடையது என்பதில் ஐயமிராது. தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்குப் பங்கு வகுத்தபோது, ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ அவர் பணியை யார் ஏற்பது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தது. அந்த ஏற்பாட்டின் பிறப்புரிமைப் பகுதியை நாம் ஏற்கவில்லை. ஆள் இல்லாத நாளை முன்கூட்டியே நினைத்த அந்த எச்சரிக்கையைத்தான் மெச்சுகிறோம்.

இடையில் ஓர் இலக்கியச் செய்தி. வண்ணதாசன், கலாப்ரியா என்று நெல்லைச் சீமையின் எழுத்தாளர் சிலர் வங்கி ஊழியராக இருந்தவர்கள். அவர்கள் இலக்கியக் கூட்டத்துக்குப் புறப்பட்ட நாள்களில் அவர்தம் இருக்கையில் அமர்ந்து பணம் எண்ணியவர் எவரோ! அவருக்கும் சிற்றிதழ் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு உரியது என்பது நம் எண்ணம்.

நண்பரின் கிளைக்குத் திரும்புவோம். மறு ஆண்டு தை மாதத்திலேயே அங்கிருந்த மூத்த எழுத்தர் ஒருவர் விடுப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து ஒரு கட்டம் போட்டார். தபசு, தீபாவளிக்கு மறுநாள், பொங்கலை ஒட்டிய நாள் என்று மூன்று நிரல்கள். ஒவ்வொன்றிலும் சென்ற ஆண்டு இருந்தவர் பெயர். இருந்தவர்க்கு இவ்வாண்டு முதலிடம். இருவர் சமமானால் திருவுளச் சீட்டு. மேலாளரிடம் காட்டினார். அவர் படித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சுருக்கொப்பம் இட்டார். கட்டத்தின் முதல் வரியில் நண்பர் பெயர் இருந்தது. அவ்வாண்டு அவர் தாயாரோடு போனார். சாவியோடு தங்கியவர் அண்ணாச்சி.

அன்று மாலை கணக்கை முடித்து, பெட்டகத்தைப் பூட்டி, கூட்டத்துக்கு ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்ட பேருந்திலிருந்து இறங்கி அண்ணாச்சி நடந்து வந்தபோது சங்கரநாராயணர் காட்சி முடிந்துவிட்டிருந்தது. தெற்கு ரத வீதியில் நண்பரும் தாயாரும் அவருக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தனர். இரவுக் காட்சிக்கு இன்னும் நேரமிருந்தது.