நீர்ப்பறவை இயக்க ஒளிப்படக்கலை

நாரை, கொக்கு, கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, வாத்து, உள்ளான் முதலிய நீர்ப்பறவைகள் தம் இயல்பான வாழிடத்தில் பறப்பதையும், இரை பிடிப்பதையும், நீரில் இறங்கி எழுவதையும் டெலிபோட்டோ லென்ஸின் துணையால் தொலைவிலிருந்து படமெடுக்கும் கலை. காட்டுயிர் ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவு. வளர்ப்புப் பறவைகளையும் உயிர்க்காட்சிச் சாலைப் பறவைகளையும் எடுத்த படங்கள் இதில் அடங்கா. இரை போட்டு வரவழைத்து எடுத்தவையும் அவ்வாறே. கூட்டில் அமர்ந்த பறவையை மறைவிடத்திலிருந்து எடுப்பது தனித் துறை. அதையும் இக்கலையையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் வழக்கம் குழப்பத்தையே தந்துள்ளது.

பறவை நெருங்க விடாது. ஆகவே நீண்ட லென்ஸ் வேண்டும். பறவை நில்லாது, ஆகவே மிகக் குறுகிய நேரத்தில் படம் பதிவாக வேண்டும். நீண்ட லென்ஸ்கள் பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடும். குறுகிய நேரமோ மிகுந்த வெளிச்சத்தைக் கேட்கும். வேகத்தைப் பிடிக்கும் நுட்பமும் தொலைவைக் கிட்டவாக்கும் நுட்பமும் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. ஆயினும் அவை ஒரே கருவியில் இசைந்து வர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. இதற்குக் காரணம் இந்த முரண்தான்.

தொடக்க வரலாறு

பறக்கும் பறவையைப் படம்பிடிக்கப் பெரிதும் முயன்றவர்கள் கலைஞர்கள் அல்லர். சிறகு எப்படி அசைகிறது என்று அறிய விரும்பிய ஆய்வாளர்களே அதில் முனைந்தனர். அவர்களில் தலையானவர் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ஜூல் மரே (1830–1904). அவர் முதலில் பறவையின் உடலில் கருவிகளைப் பொருத்தி, சிறகசைவைக் கோடுகளாகப் பதிவுசெய்து வந்தார். கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் எடுத்த ஓடும் குதிரைப் படங்கள் 1878 இறுதியில் பாரிஸின் ‘லா நாத்யூர்’ இதழில் வெளியாயின. அவற்றைக் கண்ட மரே, பறவைகளையும் இவ்வாறு எடுத்துத் தர இயலுமா என்று அவ்விதழ் வழியாகவே கேட்டார். 1881இல் பாரிஸ் வந்த மைப்ரிட்ஜ் பறவைப் படங்கள் சிலவற்றைக் காட்டினார். சிறகின் அடுத்தடுத்த நிலைகள் அவற்றில் இல்லாததால் மரேக்கு நிறைவு ஏற்படவில்லை.

எனவே தாமே ஒரு கருவி செய்தார். வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைப் பதிவுசெய்ய வானியலாளர் ஜூல் ஜான்சன் 1874இல் பயன்படுத்திய சுழலும் ஒளிப்படக் கருவி அதற்கு முன்மாதிரி. மரேயின் கருவி பார்வைக்கு வேட்டைத் துப்பாக்கியேதான். குழலுக்குள் லென்ஸ், தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான உருளைப் பெட்டி, அதனுள் ஒளியுணர் தகடு. விசையை இழுத்தால் தகடு விட்டுவிட்டுச் சுழன்று ஒரு நொடியில் 12 படங்களைப் பதியும். ஒவ்வொரு படத்துக்கும் 1/720 நொடி. 1882 தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே பொசிலிப்போவில் கடற்காகங்களைக் குறிபார்த்து இத்துப்பாக்கியால் ‘சுட்டார்’. கிடைத்த படங்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் நிழலுருக்களாகவே இருந்தன. எனினும் கட்டற்ற காட்டுப் பறவை, கையில் ஏந்திக் குறிபார்க்கும் நீண்ட கருவி, தொடர் படங்கள் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இக்கலையின் பிறப்பு அந்த ஆண்டே எனலாம்.

மரே அந்தத் துப்பாக்கியை விரைவில் கைவிட்டார். பாரிஸில் தம் ஆய்வு நிலையத்தில் கருப்புத் திரையின் முன் பறவைகளைப் பறக்கவிட்டு, அசையாத ஒரே தகட்டில் பல நிலைகளைப் பதிந்தார். பறக்கும் கூழைக்கடாவின் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும் படம் அவருடைய படைப்புகளில் மிகவும் பெயர்பெற்றது. கடற்காகம் பறக்கும் நிலைகளை 1887இல் வெண்கலச் சிற்பமாகவும் வடித்தார். பறவைகள் பறக்கும் விதம் பற்றிய அவரது பெருநூல் 1890இல் வெளிவந்தது. ஆனால் இவை பழக்கிய பறவைகள் என்பதால் இக்கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பவை.

ஜெர்மனியில் ஒட்டோமார் அன்ஷுட்ஸ் 1884இல் செங்கால் நாரைகள் கூட்டுக்கு வருவதையும் கூட்டை விட்டுப் பறப்பதையும் படமெடுத்தார். அவர் கையாண்டது தகட்டின் முன்னேயே ஒரு பிளவு விரைந்து நகரும் ஷட்டர். 1/1000 நொடி வரை அதனால் இயலும். மரேயின் படங்களில் சிறகின் கணக்கு தெரிந்தது என்றால், அன்ஷுட்ஸின் படங்களில் இறகுகளே தெரிந்தன. மனிதன் பறக்க வழிதேடிய ஓட்டோ லிலியன்தால் 1889இல் வெளியிட்ட நூலும் செங்கால் நாரையையே தலையாய சான்றாகக் கொண்டது. இவ்வேகங்கள் சாத்தியமானதற்கு 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு அடிப்படை. அதற்கு முன்பிருந்த ஈரத் தகடுகளைத் தயாரித்த சில நிமிடங்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஏரிக்கரையில் அதற்கு ஒரு கூடாரமே தேவைப்பட்டது.

டெலிபோட்டோ லென்ஸ்

1891இல் மூவர் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை வடிவமைத்தனர்: இங்கிலாந்தில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, அடால்ஃப் ஸ்டைன்ஹைல். முன்னே ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி, பின்னே ஒளியை விரிக்கும் தொகுதி என்பதே இதன் அமைப்பு. இதனால் லென்ஸின் உடல் நீளம் அதன் குவியத்தொலைவை விடக் குறைகிறது. தொலைப் பொருளைப் பெரிதாகக் காட்டும் கருவியைக் கையில் தூக்கிச் செல்ல முடிகிறது. இதுபற்றிய டால்மேயரின் நூல் 1899இல் வந்தது. கோட்பாட்டை அவரே நடைமுறைக் கருவியாக்கினார் என்பதால் முதன்மை அவருக்குரியது.

பறவை எடுப்போருக்கு உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை. உருவத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் ஒளிபடு நேரத்தை நான்கு மடங்கு நீட்ட வேண்டும். நின்ற பறவைக்கே அது போதாதபோது பறக்கும் பறவைக்கு எங்கே போவது? ஆகவே அடுத்த தலைமுறையினர் நீண்ட லென்ஸை விட்டுவிட்டு, மறைவிடம் கட்டி, கூட்டருகே காத்திருந்தனர். ரிச்சர்ட், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள் 1895இல் வெளியிட்ட பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றிய நூல் இவ்வழியைப் பரப்பியது. எம்மா டர்னர் 1911இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிட்டர்ன் என்னும் நாணற்காட்டுக் கொக்கினத்தின் குஞ்சைப் படமெடுத்து, பிரித்தானியாவில் அற்றுப்போன அப்பறவை மீண்டும் இனப்பெருக்கம் செய்வதை மெய்ப்பித்தார். அமெரிக்காவில் வில்லியம் ஃபின்லியும் ஹெர்மன் போல்மனும் ஒரெகன் பகுதியின் ஏரிகளில் எடுத்த படங்கள், தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகள் கொல்லப்பட்டு வந்த காலத்தில், பாதுகாப்பு இயக்கத்தின் கையில் சான்றாக அமைந்தன. கிளமாத், மல்ஹ்யூர் ஏரிகள் 1908இல் பறவைக் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. இப்படங்களில் பறக்கும் பறவைகள் குறைவு. ஆயினும் நீர்ப்பறவை ஒளிப்படத்துக்குப் பொதுவாழ்வில் ஒரு மதிப்பை ஈட்டித் தந்தவை இவையே.

வண்ணச் சுருள் வந்தபின் வெளிச்சத் தட்டுப்பாடு இன்னும் கூடியது. ஐஎஸ்ஓ 64 அளவுடைய கோடக்ரோம் சுருளை உச்சிவெயிலில், எஃப்/5.6 துளையுள்ள லென்ஸில் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1/500 நொடிதான் கிட்டும். இறங்கும் கூழைக்கடாவுக்கு அது போதும். சிறகடிக்கும் ஆலாவுக்குப் போதாது. கைப்பிடியை அழுத்தினாலே குவியம் நகரும் நோவோஃப்ளெக்ஸ் லென்ஸ்கள் 1950களிலிருந்து பறவை எடுப்போரிடையே விரும்பப்பட்டன. 1985இல் மினோல்டா 7000 கேமராவுடன் தானியங்கிக் குவியம் பரவலானது. 1995இல் கேனன் நிறுவனம் அதிர்வு தணிக்கும் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பறக்கும் பறவைக்கு இந்த அதிர்வு தணிப்பு உதவும் என்ற நம்பிக்கை மிகையானது: 1/2000 நொடியில் கை நடுக்கம் பெரிதாகத் தெரிவதில்லை, பறவையின் வேகத்தைத் தணிக்க எந்த லென்ஸாலும் ஆகாது.

களமுறை

வேகக் கணக்கு எளியது, ஆனால் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. 20 மீட்டர் தொலைவில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவையை 500 மி.மீ. லென்ஸில் பார்த்தால், அதன் உருவம் உணரியின் மேல் நொடிக்கு 250 மி.மீ. நகர்கிறது. கேமராவை அசைக்காமல் 1/2000 நொடியில் எடுத்தாலும் 0.125 மி.மீ. கலங்கல் விழும், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்ற ஏற்கப்படும் அளவைப் போல் இது நான்கு மடங்கு. ஆகவே பறவையோடு கேமராவும் திரும்ப வேண்டும். ஷட்டர் வேகம் சிறகுக்கு. உடலையும் கண்ணையும் தெளிவாக்குவது எடுப்பவரின் இடுப்புத் திருப்பம்.

அதே தொலைவில் எஃப்/5.6 துளைக்குத் தெளிவின் ஆழம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். மஞ்சள் மூக்கு நாரையின் சிறகு விரிவு ஒன்றரை மீட்டர். அது குறுக்கே பறக்கையில் ஒரு சிறகு நம் பக்கமும் மறுசிறகு அப்பாலும் நீள்வதால், கண் தெளிவாக இருந்தும் சிறகு நுனி மங்கலாவது இயல்பே.

வெண்கொக்கு கேமராவின் ஒளியளவியை ஏமாற்றும். கருநீரின் முன் நிற்கும் கொக்கு வெளிறிப் போகும்; வெளிர் வானத்தின் முன் பறக்கும் அதே கொக்கு சாம்பலாகும். பறவை நீரிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து வானுக்கும் போகும்போது அதன்மேல் விழும் வெயில் மாறுவதில்லை, பின்னணிதான் மாறுகிறது. தேர்ந்தவர்கள் அளவைக் கையால் நிலைநிறுத்திவிட்டு அதைத் தொடாமல் இருப்பது இதனால்தான்.

பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று முதுகில் படும்படி நிற்பவரை நோக்கிப் பறவை முகம் காட்டி வரும். தமிழகக் கடற்கரைப் பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது, காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வருகிறது. எனவே நீர்நிலையின் கிழக்குக் கரை அந்நேரத்தில் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் வெயில் மேற்கிலும் நின்று எதிர்க்கின்றன. வெயில் ஏறிய பின் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளிவதால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய லென்ஸும் தொலைப் பறவையைத் தெளிவாகக் காட்டாது.

இனத்துக்கு இனம் முன்னறிகுறி உண்டு. நாமக்கோழி நீர்மேல் ஓடியே எழும்பும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஓரிடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழ்நோக்கித் திருப்பிப் பாயும். பாம்புத்தாரா குத்திய மீனை மேலே வந்து தூக்கிப்போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். மீன் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தை முன்பே காத்திருப்பவர் மட்டுமே பெறுவார்.

தெற்காசியாவில்

சிங்கப்பூரில் வாழ்ந்த திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ, பறவையியலாளர் சாலிம் அலியுடன் இந்தியாவில் பல பயணங்கள் மேற்கொண்டவர். அவரது பறவைப் பட நூல் 1957இல் வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவில் படமெடுத்தார்; கருப்பு வெள்ளைப் படங்களை மட்டுமே மதித்தார். அவரது பெரும் ஈடுபாடு யானை என்றாலும் பறவைகளையும் விடவில்லை. பெங்களூரின் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) பலருக்கு ஆசானாக விளங்கினார்.

வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலிருந்து மரங்கள் எட்டவே இருப்பதால் 500 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸ் பயன் தராது. காவிரியில் படகில் சுற்றும் ரங்கன்திட்டில் 300 மி.மீ. போதும்; ஆனால் அங்கே முக்காலி உதவாது. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. பரத்பூரில் நீர்நிலைகளினூடே செல்லும் கரைவழிகளும், ஒடிசாவின் மங்களாஜோடியில் தட்டையான நாட்டுப் படகுகளும் பறவையின் கண்மட்டத்தில் எடுக்க வாய்ப்பளிப்பவை. சரணாலயங்களில் படமெடுப்பது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதிக்கு உட்பட்டது.

இன்றைய நிலை

2020க்குப் பின் வந்த கண்ணாடியற்ற கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டறிந்து பின்தொடர்கின்றன. அவற்றில் சில நொடிக்கு 20 முதல் 30 படங்கள் வரை ஓசையின்றி எடுக்கின்றன.