பெயர் இருந்தது, ஆள் எங்கே?: முனைவர்களைப் பின்தொடர்ந்த ஒரு கணக்கெடுப்பின் வரலாறு

1971ஆம் ஆண்டு, அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தின் வேலைவாய்ப்புச் சேவையில் பெயர் கொடுத்துக் காத்திருந்தோர் 1,053 பேர். அவர்களுக்கென இருந்த பணியிடங்கள் 53. மூன்றாண்டுகளுக்கு முன், 1968இல், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு 253 இடங்களாவது இருந்தன. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய நாள் முதல் "ஆள் போதவில்லை" என்ற குரலையே கேட்டுப் பழகிய துறை அது. அக்குரலை நம்பி ஆய்வுக்கூடத்தில் இளமையைச் செலவிட்டு வெளியே வந்தவர்கள், வாயிற்கதவு சாத்தப்பட்டிருக்கக் கண்டனர். அந்த ஆயிரம் பேரும் பின்னர் என்ன ஆனார்கள்? அன்றைய அமெரிக்க அரசிடம் அறிவியலாளர் பதிவேடு இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்படி அது அமைக்கப்படவில்லை.

அந்தப் பதிவேட்டின் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது. 1940இல் உளவியலாளர் லியோனார்ட் கார்மைக்கேலின் பொறுப்பில் தேசிய அறிவியலாளர் பட்டியல் ஒன்று தொடங்கப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் ஒவ்வொருவரின் படிப்பும் பயிற்சியும் பதியப்பட்டன. இன்ன வேதியியல் தெரிந்தவர் தேவை என்றால் எந்திரம் அட்டைகளைப் பிரித்துக் கொடுக்கும். ஆளைத் தேடிப் பிடிப்பதே அதன் நோக்கம்; அவர் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று அறிவது அன்று. போர் முடிந்தபின் 1950இல் உருவான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கடமைகளுள் ஒன்றாக இப்பணி சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1954 முதல் 1970 வரை வினாத்தாள்கள் துறைசார் சங்கங்களின் வழியாக அனுப்பப்பட்டன. 1960களில் மொழியியலாளர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. ஒலியன்களை ஆராய்ந்தவரும் அணுக்கருவை ஆராய்ந்தவரும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து நின்றனர். கடைசிச் சுற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர்.

மூன்று லட்சம் பெரிய எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் வந்தவர் யார் என்பதே முதன்மையான வினா. சங்கத்துக்குச் சந்தா கட்டியவர், சங்கம் அறிந்த முகவரியில் இருந்தவர், வினாத்தாளை நிரப்பித் திருப்பி அனுப்பும் அளவுக்குத் தம்மை இன்னும் அறிவியலாளர் என்று கருதியவர். வேலை கிடைக்காமல் காப்பீட்டு முகவராகப் போனவரோ, பிள்ளை பிறந்தபின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப முடியாமற்போன பெண்ணோ சங்கச் சந்தாவை ஏன் புதுப்பிக்கப் போகிறார்? துறையில் தங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "துறையினர் நலமாக இருக்கிறார்கள்" என்று சொல்வது, கரையேறியவர்களை மட்டும் விசாரித்துவிட்டு ஆற்றின் ஆழத்தைச் சொல்வது போன்றது. வேலைச் சந்தை நன்றாக இருந்தவரை இந்தக் குறையை எவரும் பெரிதாகக் கருதவில்லை. சந்தை சரிந்த அதே காலத்தில் அந்தப் பதிவேடும் நின்றுபோனது.

இதற்கு மாற்று, வேறொரு கோப்பறையில் ஏற்கெனவே உறங்கிக் கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1920 முதல் முனைவர் பட்டம் பெற்றோரின் விவரங்கள் ஒன்றுதிரட்டப்பட்டு வந்தன. 1957 முதல், பட்டம் பெறும் ஒவ்வொருவரிடமும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும்போதே ஒரு வினாத்தாள் நிரப்பி வாங்கப்பட்டது. 1973இல் தேசிய ஆராய்ச்சி மன்றம் இப்பட்டியலிலிருந்து மாதிரி எடுத்து, 1930க்கும் 1972க்கும் இடையில் அறிவியலிலும் பொறியியலிலும் பட்டம் பெற்றவர்களைத் தேடிச் சென்றது. அதுவே இன்றும் தொடரும் முனைவர் பட்டம் பெற்றோர் கணக்கெடுப்பின் தொடக்கம். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, 76 வயதை எட்டும்வரை, அதே ஆள் திரும்பத் திரும்பத் தேடப்படுவார்.

மேலோட்டமாகப் பார்த்தால் முகவரிப் பட்டியலை மாற்றியது மட்டுமே போலத் தோன்றும். உண்மையில் மாறியது "யார்" என்பதன் வரையறை. முன்பு அறிவியலாளர் என்பவர் அறிவியலைத் தொழிலாகக் கொண்டவர். இப்போது பட்டம் பெற்ற எவரும். அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாலும், பங்குச்சந்தையில் இருந்தாலும், வீட்டில் இருந்தாலும் மாதிரியில் இருப்பார். விலகியவரும் எண்ணப்படும் உரிமை பெற்றார்.

கேட்கப்பட்ட வினாக்களிலும் இந்த மாற்றம் தெரிகிறது. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதோடு நிற்காமல், அந்த வேலைக்கும் உங்கள் பட்டத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்றும் கேட்கும் வழக்கம் வந்தது. தொடர்பில்லை என்றால் காரணம் என்ன: ஊதியமா, ஊரா, குடும்பமா, ஆர்வம் மாறியதா, அல்லது படித்த துறையில் வேலையே இல்லையா? இந்தக் கடைசிக் காரணம்தான் முழுக் கணக்கெடுப்பின் உயிர்நாடி எனலாம். ஏனெனில் முனைவர்களின் வேலையின்மை விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மிகக் குறைவாகவே காணப்படும். அந்த எண்ணை மட்டும் காட்டினால் எந்த அமைச்சரும் நிம்மதியாக உறங்கலாம். படித்தவர் பட்டினி கிடப்பதில்லை, எதையாவது செய்து பிழைத்துக் கொள்கிறார். அந்த "எதையாவது" என்பதைத் தனியே பிரித்துக் காட்டிய வினா இது. ஆண்டுக்கணக்கில் நீளும் முனைவர்பின் ஆய்வுப் பணிகளும், பல்கலைக்கழகங்களுக்கு வெளியே பாதிக்கு மேற்பட்டோர் பணியாற்றும் இன்றைய நிலையும் இத்தகைய தொடர்ச்சியான கேள்விகளால்தான் எண்களாகத் தெரியவந்தன.

முன்கணிப்புகளின் கதை வேறு. 1980களின் பிற்பகுதியில் அதே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பிரிவு, அறிவியல் பொறியியல் பட்டதாரிகளில் 675,000 பேர் பற்றாக்குறை வரும் என்று கணித்தது. பற்றாக்குறை வரவில்லை, 1992இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைதான் வந்தது. வருங்காலத்தைச் சொல்வதில் காட்டிய ஆர்வத்தில் பாதியை, சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர் எங்கே என்று கேட்பதில் காட்டினாலே போதும் என்று தோன்றும்.

ஆயினும் இந்தக் கணக்கெடுப்புக்கும் ஒரு வேலி இருந்தது. நெடுங்காலம் அது அமெரிக்காவில் வசிப்பவர்களை மட்டுமே எண்ணியது. அங்கே பட்டம் பெற்று ஊர் திரும்பிய இந்தியர் விமானம் ஏறியதும் கணக்கிலிருந்து இறங்கிவிடுவார். வெளிநாடு சென்றவர்களைத் தேடும் முயற்சி 2003இல்தான் தொடங்கியது. 2010இல் அது முதன்மைக் கணக்கெடுப்போடு இணைக்கப்பட்டது.

அப்படியானால் திரும்பி வந்தவரை இந்தியா எண்ணியதா? எண்ண முயன்றது, அதுவும் அமெரிக்கப் பதிவேட்டுக்கு முன்பே. 1947இல் அறிவியல் மனிதவளக் குழு அமைக்கப்பட்டது. 1948இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் எல்லை தெரிந்துவிட்டது. இந்திய அரசின் உதவித்தொகையில் லிவர்பூல் சென்று முனைவர் பட்டம் பெற்ற ஹர் கோவிந்த் கொரானா 1949இல் நாடு திரும்பினார். தகுந்த வேலை கிடைக்காமல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1968இல் அவர் நோபல் பரிசு பெற்றபோது நாடே கொண்டாடியது. 1957இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கெனப் பதிவேட்டில் தனிப் பிரிவு வந்தது. 1958இல் திரும்பி வருவோருக்குத் தற்காலிகப் பணி தரும் விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பதிவேட்டுக்குத் தாமே பெயர் தர வேண்டும், தொகுப்புக்குத் தாமே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காதவர் இரண்டிலும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தன் பங்குக்கு முயன்றது. 1961இலும், பட்டதாரிகளுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் என 1971, 1981ஆம் ஆண்டுகளிலும் தனி அட்டைகள் கொடுத்துத் தகவல் திரட்டப்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த நிழற்படங்கள் அவை. ஒரு படத்தில் இருந்தவர் அடுத்த படத்தில் எங்கே நிற்கிறார் என்று கேட்க வழியில்லை.

இன்று அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை, முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருப்போர் 2014-15இல் 1.17 லட்சம் என்றும் 2021-22இல் 2.12 லட்சம் என்றும் சொல்கிறது. இந்த உயர்வு மேடைகளில் பெருமையோடு எடுத்துச் சொல்லப்படுகிறது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தரும் தகவலால் ஆன அறிக்கை ஆதலால், ஆய்வாளர் பட்டச் சான்றிதழோடு வாயிலைக் கடந்ததும் அவர் கதை அதில் முடிந்துவிடுகிறது. அவர் அடுத்த ஆண்டு தற்காலிக விரிவுரையாளரா, போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்துகிறாரா, நான்காவது திட்டத்தின் உதவியாளரா என்பதற்கு அங்கே கட்டமே இல்லை.

1973இல் அமெரிக்கர்கள் தொடங்கிய இடம் ஒரு பெயர்ப் பட்டியல். அத்தகைய பட்டியல் இங்கேயும் இருக்கிறது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் சேர்ந்துள்ளன. ஆய்வாளர் பெயர், நெறியாளர், துறை, பல்கலைக்கழகம், ஆண்டு எல்லாம் அங்கே உண்டு. ஆய்வேட்டை எவரும் தரவிறக்கிப் படிக்கலாம். எழுதியவர் இன்று எங்கே இருக்கிறார் என்று எழுதிக் கேட்கும் முதல் கடிதம்தான் இன்னும் போகவில்லை.