குழந்தையின் பெயரில் ஒரு வழக்கு

கருவிலோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவும் நிலைப்பாடும் வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படும் நிலையை மருத்துவம் மூளை முடக்குவாதம் என்று அழைக்கிறது. இங்கிலாந்தில் இந்நிலையோடு வளரும் குழந்தைகளின் குடும்பங்களுக்குச் சட்டத்தின் துணை எவ்வாறு கிடைத்தது என்று எழுதுவோர் பெரும்பாலும் புகழ்பெற்ற தீர்ப்புகளையே வரிசைப்படுத்துவர். ஆயினும் வழக்கறிஞருக்குப் பணம் தருவது யார், பிரசவ அறையில் எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு, எத்தனை ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பன போன்ற, பாடநூல்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் விதிகளே தீர்ப்புகளைக் காட்டிலும் அக்குடும்பங்களின் கதியைத் தீர்மானித்தன.

பிரசவத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தின் முன் விரிவாக எடுத்துரைத்தவர் வில்லியம் ஜான் லிட்டில். சிறுவயது முதலே கால் வளைந்து ஊனமுற்றிருந்த அம்மருத்துவர், கடினமான பிரசவமும் குறைமாதப் பிறப்பும் பிறந்தவுடன் நேரும் மூச்சுத் திணறலும் பிற்கால முடக்கத்துக்கு வித்திடுகின்றன என்று வாதிட்டார். நெடுங்காலம் இந்நோய் அவர் பெயராலேயே வழங்கியது. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் பெயர்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு, நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில், 1897இல், பிரசவச் சிக்கலே கருவில் முன்னமே நேர்ந்துவிட்ட கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று எழுதினார். நூறாண்டுக்குப் பின் நீதிமன்றக் கூண்டில் ஏறிய இருதரப்பு நிபுணர்களும் சாரத்தில் இவ்விருவரின் பிணக்கையே தொடர்ந்தனர்.

லிட்டிலின் கருத்து மருத்துவ உலகில் பரவிய பின்னரும் அது எளிய குடும்பத்தின் கையில் வழக்காக உருப்பெற நெடுங்காலம் ஆயிற்று. தோற்ற தரப்பு வென்ற தரப்பின் செலவையும் ஏற்க வேண்டும் என்ற ஆங்கில விதியின் கீழ், வீட்டை அடகு வைத்து வழக்காடத் துணிவோர் அரிது. 1949ஆம் ஆண்டின் சட்ட உதவி மற்றும் ஆலோசனைச் சட்டம் அரசுப் பணத்தில் வழக்கறிஞர் அமர்த்தும் வழியைத் திறந்தாலும், சிறு குழந்தையின் வழக்கில் பெற்றோரின் வருமானமே கணக்கில் கொள்ளப்பட்டதால், மிக ஏழையும் அல்லாத, செல்வரும் அல்லாத நடுத்தரக் குடும்பங்கள் வாசலிலேயே நின்றன. 1957இல் போலம் வழக்கில் நீதிபதி மெக்நேர் வகுத்த அளவுகோல் அடுத்த தடையாயிற்று. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறையைப் பின்பற்றிய மருத்துவர், வேறு மருத்துவர்கள் மாறுபட்டாலும், கவனக்குறைவு உடையவராகார் என்பது அதன் பொருள். இந்திய உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதே அளவுகோலை ஏற்றதால், நம் நாட்டுக் குடும்பங்களுக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல.

கருவில் காயமுற்ற குழந்தை பிறந்தபின் தன் பெயரில் வழக்காட முடியுமா என்ற ஐயமும் நெடுநாள் நீடித்தது. தலிடோமைடு மாத்திரையால் கைகால் குன்றிப் பிறந்த குழந்தைகளின் துயரம் நாட்டை உலுக்கிய பின்னரே, 1976இல் பிறவி ஊனங்கள் பற்றிய உரிமையியல் பொறுப்புச் சட்டம் அவ்வுரிமையை எழுத்தில் தந்தது. இரண்டாண்டு கழித்து வந்த பியர்சன் ஆணையத்தின் அறிக்கை, கடும் ஊனமுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், காரணம் எதுவாயினும், வாரந்தோறும் ஒரு படி வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. இவ்வரலாற்றில் கைநழுவிய வாய்ப்புகளுள் இதுவே பெரியது எனலாம், ஏனெனில் அதற்குப் பின் உதவி வேண்டிய குடும்பம் யாரோ ஒருவரின் குற்றத்தை நிரூபித்தாக வேண்டியிருந்தது.

அந்நிரூபணம் எவ்வளவு கடினம் என்பதை ஒயிட்ஹவுஸ் எதிர் ஜோர்டன் வழக்கு காட்டுகிறது. 1970 ஜனவரியில், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய ஒரு தாய்க்கு முதலில் ஆயுதப் பிரசவம் முயலப்பட்டது. இடுக்கியால் ஐந்தாறு முறை இழுத்தும் குழந்தை வெளிவராததால், பின்னர் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டது. குழந்தைக்கு மூளைச் சேதம் ஏற்பட்டது. மிகுந்த விசையோடும் மிக நெடுநேரமும் இழுத்ததே காரணம் என்ற குற்றச்சாட்டை ஏற்று 1978இல் விசாரணை நீதிபதி ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. கணிப்பில் நேரும் பிழை கவனக்குறைவு ஆகாது என்பது அந்நீதிமன்ற நீதிபதி டென்னிங் பிரபுவின் வாதம். 1980 டிசம்பரில், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் திருத்தி, கணிப்புப் பிழையும் சில வேளை கவனக்குறைவாகலாம் என்று தெளிவுபடுத்திய போதிலும், கவனக்குறைவு நிறுவப்படவில்லை என்று கூறி மருத்துவரை விடுவித்தது. தாயின் தரப்பு நிபுணர் அறிக்கையில் வழக்கறிஞர்களின் கை தெரிகிறது என்று வில்பர்ஃபோர்ஸ் பிரபு கடிந்ததும் கவனத்துக்குரியது. பழக்கமில்லாத வழக்கறிஞர்கள் இத்தகைய வழக்கை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. தீர்ப்பு வந்தபோது அச்சிறுவனுக்கு ஏறத்தாழ பதினோரு வயது. அவனது குடும்பத்துக்கு எதுவும் கிட்டவில்லை.

அடுத்த பத்தாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. நாடகாசிரியர் பீட்டர் ரான்ஸ்லி மருத்துவ விபத்தொன்றைப் பற்றி எழுதிய தொலைக்காட்சி நாடகத்தின் விளைவாக 1982இல் மருத்துவ விபத்துகளால் பாதிக்கப்பட்டோருக்கான அமைப்பு உருவாகி, தகுந்த வழக்கறிஞரையும் சாட்சி சொல்ல முன்வரும் மருத்துவ நிபுணரையும் தேடித் தரும் பணியை மேற்கொண்டது. 1990இல் சட்ட உதவி விதிகள் திருத்தப்பட்டு, பெற்றோரின் வருமானத்துக்குப் பதிலாகக் குழந்தையின் சொந்த வருமானமும் சேமிப்புமே கணக்கில் கொள்ளப்படும் என்றாயிற்று. கைக்குழந்தைக்கு ஏது வருமானம்? ஒரே நாளில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் சட்ட உதவிக்குத் தகுதி பெற்றனர். வழக்கு குழந்தையின் பெயரில் நடக்க, தாயோ தந்தையோ 'வழக்கு நண்பர்' என்ற தகுதியில் அதன் சார்பில் முடிவெடுப்பர். அதே ஆண்டின் மருத்துவ ஆவணங்களைப் பெறும் சட்டம், 1991 நவம்பருக்குப் பின் எழுதப்பட்ட குறிப்புகளை நீதிமன்ற ஆணையின்றியே கேட்டுப் பெற வழிசெய்தது. 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை மூன்றாண்டுக் கெடு ஓடத் தொடங்காது. அறிவுத்திறன் குன்றித் தன் காரியங்களைத் தானே நடத்த இயலாதவருக்கு அது ஓடவே ஓடாது. பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதிலேயே முதல் சில ஆண்டுகளைக் கழித்த பெற்றோருக்கு இவ்விதி எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வழக்குகளில் மையமாக அமையும் ஆவணம், பிரசவ வலியின்போது சிசுவின் இதயத்துடிப்பையும் கருப்பையின் சுருக்கத்தையும் பதியும் கருவியின் தாள்சுருள் ஆகும். பிரிட்டனில் அத்தாள் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. ஆகவே மேசைமேல் விரித்து அளவுகோலால் அளந்தால், துடிப்பு எந்த நிமிடத்தில் சரிந்தது, மருத்துவர் எப்போது அழைக்கப்பட்டார், குழந்தை எப்போது எடுக்கப்பட்டது என்பன தெரியவரும். ஆக்சிஜன் முற்றிலும் தடைபட்டால் சிசு ஏறத்தாழ பத்து நிமிடம் தாங்கும், அதன்பின் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் என்பது நிபுணர்கள் பொதுவாக ஏற்கும் கணக்காதலால், வழக்கின் முடிவு அத்தாளில் சில சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கிவிடுவதுண்டு. தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அத்தவறே சேதத்தை விளைவித்தது என்றும் காட்ட வேண்டும். இந்த இரண்டாம் படியில்தான் ஃபிராய்டின் ஐயம் திரும்ப எழுந்தது. பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத் திணறலுக்கு மூளை முடக்குவாதத்தில் உள்ள பங்கு சிறியதே என்று கேரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பெர்க்கும் 1986இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, மருத்துவமனைத் தரப்பின் முக்கியக் கேடயமாயிற்று.

வென்ற வழக்குகளில் கிடைத்த தொகை பெரிது. அதன் தேவையும் பெரிது. இரவில் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கும் பணியாளர், வளர வளர மாற்ற வேண்டிய சக்கர நாற்காலி, அகன்ற கதவும் சாய்தளமும் உள்ள வீடு ஆகியவற்றை ஆயுள் முழுமைக்கும் கணக்கிட்டு ஒரே தொகையாகத் தந்துவந்த முறையில், குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று பெற்றோரின் முன்னிலையில் இருதரப்பும் பேரம் பேசும் கொடுமை இருந்தது. 2005 முதல் நீதிமன்றமே ஆண்டுதோறும் வழங்கும் தொகையை விதிக்க இயன்றபின் அது ஓரளவு தணிந்தது.

அரசின் செலவைக் குறைக்க இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கான சட்ட உதவியை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிற்று. எஞ்சியது ஒரே விலக்கு: கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த எட்டு வாரத்துக்குள்ளோ நரம்பியல் சேதமுற்றுக் கடும் ஊனமடைந்த குழந்தை. முப்பத்தேழாம் வாரத்துக்கு முன் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு அந்த எட்டு வாரம், கருவிலிருந்தால் முப்பத்தேழாம் வாரம் தொடங்கியிருக்கும் நாளிலிருந்து எண்ணப்படும். ஒன்பதாம் வாரத்தில் மூளைக்காய்ச்சலைக் கவனிக்கத் தவறியதால் அதே முடக்கத்துக்கு ஆளான நிறைமாதக் குழந்தை இவ்வேலிக்கு வெளியே நிற்கிறது. அதன் பெற்றோர், வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கு இசையும் வழக்கறிஞரைத் தேட வேண்டும். வெல்வது உறுதியெனத் தோன்றாத வழக்கை அத்தகையோர் எளிதில் ஏற்பதில்லை.

2015இல் ஸ்காட்லாந்திலிருந்து பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வந்த மான்ட்கோமரி வழக்கு, சிகிச்சையிலுள்ள ஆபத்தைத் தாய்க்குச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியை மருத்துவர்களின் வழக்கத்திடமிருந்து மீட்டது. நீரிழிவுடைய ஒரு தாயின் குழந்தை, தலை வெளிவந்தபின் தோள் சிக்கிப் பன்னிரண்டு நிமிடம் தவித்தது. அவ்வாறு சிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்பது அல்லது பத்து என்பது அவரிடம் சொல்லப்படவில்லை. 1999இல் பிறந்த அக்குழந்தைக்கு 52.5 லட்சம் பவுண்டு கிடைத்தது, பதினைந்து ஆண்டுக்கு மேல் கழிந்தபின்.

இத்தகைய காத்திருப்பைத் தவிர்க்க வேறு நாடுகள் வேறு வழி கண்டன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1987இலும் ஃபுளோரிடா அடுத்த ஆண்டும், குற்றம் நிரூபிக்காமலே உதவும் பிறப்புக் காய நிதியை நிறுவின. ஜப்பான் 2009 முதல், வரையறைக்குட்பட்ட மூளை முடக்குவாதக் குழந்தைக்கு மொத்தம் 3 கோடி யென்னைத் தவணைகளாக வழங்குவதோடு, அத்தகைய ஒவ்வொரு பிரசவத்திலும் நடந்ததை ஆராய்ந்து பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் அறிக்கை தருகிறது. இங்கிலாந்து அரசும் 2017இல் இவற்றை ஒத்த விரைவுத் தீர்வுத் திட்டமொன்றைக் கருத்துக் கேட்புக்கு வைத்தது, அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு முதல், மூளைச் சேதம் ஐயுறப்படும் பிரசவங்களை மருத்துவமனைகள் தாமே உடனடியாகத் தேசிய சுகாதாரச் சேவையின் இழப்பீட்டுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. எவர் பிழையுமின்றி இந்நிலையோடு பிறந்த, எண்ணிக்கையில் பெரும்பான்மையான குழந்தைகளுக்கு, பியர்சன் ஆணையம் சொன்ன வாரப் படிக்கு நிகரான எதையும் இவ்வழக்குச் சட்டம் இன்றுவரை தரவில்லை.