நத்தார் மேசைக்கு வந்த பறவை



மார்கழி வந்தால் எங்கள் வீடுகளில் வருடாவருடம் ஒரு வழக்கு நடக்கிறது. "இந்த முறையாவது எல்லாரையும் போல றோஸ்ற் செய்வம் அம்மா" என்று பிள்ளைகள் ஒரு பக்கம். "அந்தச் சப்பென்ற சக்கையை ஆர் தின்னுறது? ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் காணும்" என்று அம்மம்மா மறுபக்கம். திருவெம்பாவை அந்த நாட்களில் வந்துவிட்டால் வழக்கு இன்னும் இறுகும். ஆனால் இரண்டு தரப்பும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள். றோஸ்ற் என்பது வெள்ளைக்காரரின் ஆதிகாலத்துச் சாப்பாடு, நாங்கள் அதற்கு வெளியாட்கள் என்று இருவருமே நினைக்கிறார்கள். இம்மாத உரையில் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்கலாம். எதை வாங்குவது, எப்படி வாட்டுவது என்பதற்கும் வருகிறேன். சமையலுக்காக மட்டும் வாசிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் முற்காலத்தில் றோஸ்ற் என்றால் ஓவனில் வைப்பது அல்ல. இறைச்சியை இரும்புக் கம்பியில் குத்தி, திறந்த நெருப்புக்கு முன்னால் மணிக்கணக்காகச் சுழற்றி வாட்டுவதுதான் றோஸ்ற். பெரிய வீடுகளில் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே ஒரு பையன் இருப்பான். பிறகு அந்த வேலைக்குக் குட்டைக் கால் நாய்களைப் பழக்கி, சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓட விட்டார்கள். 1748இல் இங்கிலாந்துக்கு வந்த பேர் கால்ம் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர், இறைச்சியைப் பதமாக வாட்டுவதில் ஆங்கிலேயரை மிஞ்ச ஆளில்லை என்று எழுதினார். ஆனால் அதற்கும் பிளம் புடிங்குக்கும் அப்பால் அவர்களின் சமையல் கலை அவ்வளவாகப் போகவில்லை என்றும் கூடவே எழுதிவைத்தார். அம்மம்மாமார் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இப்படி வாட்டுவதற்குப் பெரிய அடுப்பும் நிறைய எரிபொருளும் வேண்டும். லண்டனின் ஒற்றை அறைகளில் குடும்பத்தோடு ஒண்டியிருந்த ஏழைகளிடம் அது எங்கே இருந்தது? அவர்கள் தங்கள் இறைச்சியைத் தட்டில் வைத்துத் தெருமுனைப் பேக்கரிக்குக் கொண்டுபோனார்கள். பாண் சுட்ட சூடு ஆறாத போறணையில், சிறிய கூலிக்கு, பேக்கரிக்காரர் அதை வேகவைத்துக் கொடுப்பார். சாள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட 'கிறிஸ்மஸ் கரோல்' கதையில் எழுதுவினைஞர் பொப் கிரச்சிற்றின் பிள்ளைகள் தங்கள் வாத்தை எடுத்துவரப் பேக்கரிக்குத்தான் ஓடுகிறார்கள். நத்தாருக்கு முதல் நாட்களில் கேக் தட்டுகளைப் பேக்கரிப் போறணைக்குக் கொடுத்துவிட்டு வாசலில் காத்துநின்ற எங்கள் ஊரவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. போறணை என்ற எங்கள் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான்.

விடுமுறையின் கதையும் இப்படித்தான். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் வேலைசெய்த பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருடத்தில் இரண்டு முழுநாள் விடுமுறையை உறுதிசெய்தது. ஒன்று பெரிய வெள்ளி, மற்றது நத்தார். ஸ்கொட்லாந்தில் நத்தார் பொது விடுமுறையானது 1958இல்தான். ஆக, ஆங்கிலத் தொழிலாளி வீட்டில் இந்தச் சாப்பாடு பெரிதாகியதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. குடும்பம் முழுவதும் பகல் வெளிச்சத்தில் ஒரே மேசையில் இருக்கக்கூடிய நாட்கள் அவர்களுக்கு மிகச் சில. அதில் ஒன்று இது.

எங்களுக்கு மட்டும் வேறு காரணமா? 1980களிலும் அதற்குப் பிறகும் இங்கு வந்து சேர்ந்த எங்களில் பலர் பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் உணவகங்களின் பின்பக்கத்திலும் வேலை செய்தோம். பொங்கலுக்கு லீவு கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது. ஒருவர் இரவு வேலை, மற்றவர் பகல் வேலை என்று கணவனும் மனைவியும் படிக்கட்டில் சந்தித்துக்கொண்ட காலம். டிசம்பர் 25 அன்று மட்டும் லண்டனில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. போக வழியில்லாத காரணத்தாலேயே வீட்டில் இருந்தோம். சைவக் குடும்பங்களிலும் நத்தார்ச் சாப்பாடு வழக்கமாகியதற்கு இதுதான் தொடக்கம் என்பது என் எண்ணம். பிள்ளைகள் பாடசாலையில் பார்த்துக் கேட்டது பிறகு வந்தது.

சரி, அந்த ஏழைகள் வாத்துக்குக் காசை எப்படிச் சேர்த்தார்கள்? இங்கேதான் நான் வாசிக்கும்போது சிரித்துவிட்டேன். 19ஆம் நூற்றாண்டில் மதுச்சாலைகள்தோறும் 'வாத்துச் சங்கங்கள்' இருந்தன. கிழமைக்குச் சில பென்ஸ் கட்டிவந்தால் நத்தாருக்கு முன் ஒரு வாத்து கைக்கு வரும். சேர்த்த காசோடு ஆள் தலைமறைவான சம்பவங்களும் உண்டு. வாத்தை எடுத்துவிட்டுச் சீட்டு என்று வாசித்துப் பாருங்கள். விமானச் சீட்டும், வீட்டு முற்பணமும், தங்கச்சியின் கலியாணமும் சீட்டுக் காசில் பார்த்த எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி வான்கோழி. இது ஆங்கிலப் பறவை அல்ல, ஐரோப்பியப் பறவையும் அல்ல. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் வளர்த்த பறவை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்துக்கு அதைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் யோர்க்ஷயர் நிலக்கிழார் வில்லியம் ஸ்ரிக்லண்ட், 1550இல் தன் குடும்பச் சின்னத்திலேயே வான்கோழியைப் பொறித்துக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்ற குழப்பம்தான் சுவையானது. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் அழைத்தார்கள். துருக்கியர் 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரின் 'டாந்த்' என்ற சொல்லுக்கும் இந்தியாவிலிருந்து வந்தது என்றே பொருள். போர்த்துக்கேயருக்கு அது 'பெரு'. ஒல்லாந்தில் 'கல்கூன்', நோர்வேயிலும் டென்மார்க்கிலும் 'கல்குன்'. இந்தக் கடைசிப் பெயர் கள்ளிக்கோட்டையிலிருந்து, அதாவது எங்கள் அயலான கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது! ஒல்லாந்தரின் சொல் இலங்கைக்கும் வந்து சிங்களத்தில் 'களுகும்' ஆயிற்று. ஒஸ்லோவிலும் கோப்பன்ஹேகனிலும் உள்ள எங்கள் உறவுகள் கடையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மலையாளத் துறைமுகத்தின் பெயரைத்தான் வாசிக்கிறார்கள். நாட்டுக்கு நாடு பெயர் மாறி எழுதப்பட்டவர்கள் எங்களிலும் உண்டுதானே.

1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு வந்தபோது, இப்படியொன்றைத் தான் கண்டதில்லை, பெயரும் தெரியாது என்று அவர் தன் குறிப்பேட்டில் எழுதினார். அரசவை ஓவியர் மன்சூரை அழைத்து அதை வரையச் செய்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மூதுரையில் மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழியைப் படித்தோமே, அது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கப் பறவை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் எங்கள் பக்கம் வந்திருக்க முடியாது. ஆகவே அந்தப் பாடல் அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், அல்லது அந்தச் சொல் முன்னர் வேறொரு பறவையைக் குறித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்தப் பறவைகள் நடந்தே சந்தைக்குப் போயின. அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்தபடி, நோர்போக்கிலிருந்தும் சபோக்கிலிருந்தும் லண்டன் வரை. 1724இல் டானியல் டீபோ எழுதிய பயண நூலில், ஸ்ரற்போர்ட் பாலத்தை ஒரு பருவத்தில் 300 மந்தைகள் கடந்ததாகவும், மந்தைக்கு 500 என்று வைத்தாலே 150,000 பறவைகள் என்றும் கணக்குப் போடுகிறார். ஈஸ்ற்ஹாம் நேயர்கள் அவசரப்பட வேண்டாம். இது உங்கள் ஸ்ரற்போர்ட் அல்ல, சபோக் எல்லையில் ஸ்ரூவர் ஆற்றின் மேலுள்ள ஊர். அப்படியிருந்தும் சாதாரண வீடுகளுக்கு நெடுங்காலம் வாத்துத்தான். கிரச்சிற் வீட்டுக்கு வான்கோழி போனதே, மனந்திருந்திய கஞ்சன் ஸ்குறூஜ் வாங்கி அனுப்பியதால். 1861இல் திருமதி பீற்றனின் புகழ்பெற்ற வீட்டு நிர்வாக நூல், வான்கோழி இல்லாவிட்டால் நடுத்தர வகுப்பாருக்கு நத்தார் இல்லை என்ற அளவுக்கு எழுதியது. தொழிலாளி வீட்டுக்கு அது வர இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இடையில் போர். 1940 மார்ச்சில் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிந்தது. கோழி, வான்கோழி பங்கீட்டில் சேரவில்லை. ஆனால் கிடைத்தால்தானே! அந்த வருடங்களில் பெண்கள் 'பொய் வாத்து' என்று ஒன்றைச் செய்தார்கள். பருப்பை அவித்து, வெங்காயமும் பாண்தூளும் வாசனை இலையும் சேர்த்துத் தட்டில் அழுத்தி வேகவைப்பது ஒருவகை. உருளைக்கிழங்கும் அப்பிளும் சீஸும் அடுக்கி வைப்பது இன்னொருவகை. திருவெம்பாவை விரதம் பிடிக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல றோஸ்ற் வேண்டுமா? மைசூர்ப்பருப்பு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து நான் செய்து பார்த்திருக்கிறேன். விரதம் பிடிக்காதவர்களும் இரண்டாந்தரம் கேட்டார்கள்.

போருக்குப் பிறகுதான் வான்கோழி மலிந்தது. 1950இல் பேர்னாட் மத்யூஸ் என்ற நோர்போக் இளைஞர் 20 முட்டைகளோடும் ஒரு பழைய அடைகாக்கும் பெட்டியோடும் தொடங்கிய பண்ணை நாடறிந்த நிறுவனமானது. குளிரூட்டிகளும் வீடுகளுக்கு வந்தன. மெலிந்த கறுப்பு, வெண்கல நிற இனங்களின் இடத்தை அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை இனம் பிடித்தது. நெஞ்சு பெருத்துப்போய் இயற்கையாக இணையக்கூட முடியாமல், செயற்கை முறையில்தான் இவற்றை இனம்பெருக்குகிறார்கள். அம்மம்மா சொல்லும் சக்கைக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கொழுப்பில்லாத பெரிய நெஞ்சு சீக்கிரம் வெந்துவிடும். தசைநார் நிறைந்த தொடைக்கு நேரம் வேண்டும். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு காய்ந்துவிடும்.

எனவே என் ஆலோசனை, முழுப்பறவையை முழுதாக வாட்ட வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கு 4 கிலோப் பறவை காணும். தொடைகளை இறைச்சிக்கடையிலேயே வெட்டித் தரச்சொல்லுங்கள். அவை அம்மம்மாவின் பிரட்டலுக்கு. யாழ்ப்பாணத்துத் தூளோடு மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் கிடந்தால் ஆட்டிறைச்சிக்கு இளைத்ததல்ல. நெஞ்சுப் பகுதி பிள்ளைகளின் றோஸ்ற்றுக்கு. முதல் நாளே உப்பைத் தடவி மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். தோல் காய்ந்து மொறுமொறுப்பாக வரும். இஞ்சி, உள்ளி, மிளகு, சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூளை வெண்ணெயில் குழைத்துத் தோலுக்குக் கீழே பூசுங்கள். தோலின் மேல் தூள் போட்டால் கருகிக் கசக்கும். 180 பாகையில் வைத்து, தடித்த இடத்தில் வெப்பமானி 75 பாகை காட்டியதும் எடுத்து, அரை மணித்தியாலம் ஆறவிட்டு வெட்டுங்கள். முழுப்பறவைதான் மேசைக்கு அழகு என்பவர்கள், 4 கிலோவுக்கு 3 மணி 20 நிமிடம் கணக்கு வைக்கலாம். உறைந்த பறவையானால் குளிர்சாதனப் பெட்டியில் இளக இரண்டு நாள் வேண்டும். இருபத்தைந்தாம் திகதி காலையில் கல்லாக நிற்கும் பறவைக்கு வைத்தியம் இல்லை.

ஒரு சிறு சங்கடம். கோழியை மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாமல் சமைப்பது எங்கள் அம்மாமாருக்குப் பெரும் பாவம். ஆனால் குழாயின் கீழ் கழுவும்போது தெறிக்கும் நீரோடு கிருமி குசினி முழுவதும் பரவுகிறது என்று இந்நாட்டு உணவுத் தர முகவரகம் சொல்கிறது. கழுவாமல், மஞ்சளையும் தேசிப்புளியையும் பூசிவிட்டால் இரு பகுதியும் சமாதானமாகும்.

வாத்து வாங்குபவர்கள், வடியும் நெய்யை எறியாமல் அதிலேயே உருளைக்கிழங்கைப் பொரியுங்கள். செம்மறிக் கால் விரும்புபவர்கள் 2 கிலோவுக்கு இரண்டரை மணித்தியாலம் விட்டால் எங்கள் வாய்க்கேற்ப நன்றாக வெந்திருக்கும். இரத்தம் தெரிய வெட்டுவதை எங்கள் மேசையில் யாரும் தொடமாட்டார்கள்.

மிஞ்சியதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அச்சான முதல் கறிச் செய்முறை ஹன்னா கிளாசின் நூலில், 1747இல் வந்தது. பீற்றன் அம்மையாரோ மிஞ்சிய குளிர்ந்த கோழியைக் கறியாக்கும் முறையையே தனியாக எழுதினார். அந்த வழியில், 26ஆம் திகதி வெள்ளையர் வீடுகள் பலவற்றில் இன்று வான்கோழிக் கறிதான். உங்கள் வீட்டில் கொத்துரொட்டி போடுங்கள். எலும்புகளை மிளகு, மல்லி, சீரகம், உள்ளி தட்டிப்போட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் அவியவிட்டால், அந்தக் குளிருக்கும் தடிமனுக்கும் நல்ல இரசம்.